சீட் மாட்யூல் வாங்கி 18,500 ரூபாய் போச்சு: பழைய கார் பார்ட்ஸ் ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம்தான் வாங்கிய தளத்திலிருந்து கடைசி பதில் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு புதுச்சேரி ரெயின்போ நகரில். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் மழையில் காருக்குள் தண்ணீர் புகுந்தது. எல்லாம் காயவைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் மெமரி மாட்யூலுக்குள் பச்சை பூத்து, போன மாதம் ஒரேயடியாகச் செத்துவிட்டது. யாருக்கு சீட் எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டார் சுற்றை எண்ணி ஞாபகம் வைப்பது அந்தப் பெட்டிதான். எங்கள் காரில் சீட் ஹீட்டருக்கும் அதுவேதான். (பாண்டிச்சேரி வெயிலுக்கு ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள், காரோடு வந்தது.)

புதுசு விலை கேட்டுத் தலை சுற்றியது. பழைய உதிரி பாகம் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் 18,500 ரூபாய்க்குக் கிடைத்தது. விற்றவன் வீடியோ காலில் வந்து, மேஜை மேல் ஒரு சீட்டை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினான். "நானும் கடலூர்ப் பக்கம்தான் அண்ணே, ஏமாத்துவேனா?" அந்த ஒரு 'அண்ணே'வில் விழுந்தேன். அப்போதே ஜிபேயில் 18,500.

பார்சல் வந்தது. மெக்கானிக் லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். அடியில் இன்னொரு லேபிள், பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வேறு. பெரிய சாக்கெட்டுக்குள் கம்பி (பின்) ஒன்றுகூட இல்லை, வெறும் ஓட்டை. மெமரி இல்லாத, ஹீட்டர் மட்டும் உள்ள வகை. மாட்டிப் பார்த்தோம். சீட் நகரவில்லை, நன்றாகச் சூடாகிறது!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "காரோட கம்ப்யூட்டர்ல கோடிங் பண்ணணும் அண்ணே." "உங்க மெக்கானிக்குக்குத் தெரியலை." பிறகு போனே எடுக்கவில்லை. தளத்தில் கேட்டால், பார்சல் பிரித்த வீடியோ எங்கே என்கிறார்கள். அனுப்பினேன். எலக்ட்ரானிக் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லையாம். புகாரை மூன்று முறை மூடிவிட்டார்கள். 18,500 ரூபாய், சும்மா இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பார்ட் நம்பரைக் கடைசி எழுத்து வரை பாருங்கள். சாக்கெட்டைக் கிட்டத்தில் போட்டோ கேளுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், நான் ஒன்பது நாள் கழித்து அடித்தேன். சீட்டைக் கழற்றும் முன் பேட்டரி வயரை எடுங்கள், இல்லாவிட்டால் ஏர்பேக் லைட் எரியும். எனக்கு அதுவும் எரிகிறது.

சீட் கடைசி வரை பின்னால் போய் நிற்கிறது. வீட்டம்மா முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஓட்டுகிறாள்.