ரின்ஜானிக்குக் காசு கட்டுமுன் மாதத்தைப் பாருங்கள்

பெப்ரவரியில் இந்தோனேசியாவின் ரின்ஜானி எரிமலையில் ஏறலாம் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். நாங்கள் மூன்று பேர் கொடுத்தோம்.

திருகோணமலை டவுனில் ஒரு பயண முகவர். பெயர் வேண்டாம். "தம்பி, ஜாவா, பாலி, லொம்பொக். பத்து நாள், எரிமலை எரிமலையா ஏறலாம். பெர்மிட் எல்லாம் என்ர பொறுப்பு" என்றார். கன்னியா வெந்நீர்க் கிணற்றைத் தவிர நிலத்துச் சூட்டை அறியாத ஆட்கள் நாங்கள், மயங்கிவிட்டோம். ஆளுக்கு மூன்று லட்சத்து எண்பதாயிரம்.

ஜாவாவில் புரோமோ எரிமலை பிழையில்லை. இஜென் எரிமலையில்தான் முதல் சந்தேகம் வந்தது. அங்கே கந்தக வாயு இரவில் நீலமாக எரியும். அதைப் பார்க்கப் பள்ளத்துக்குள் இறங்கினால் புகை தொண்டையைப் பிடிக்கும், வடிகட்டி வைத்த முகமூடி இல்லாமல் முடியாது. பட்டியலில் காஸ் மாஸ்க் இருந்தது. கைக்கு வந்தது கொரோனா நேரம் போட்ட அதே மெல்லிய நீல மாஸ்க். சரி, சின்ன விஷயம்தானே என்று அங்கேயே வாடகைக்கு எடுத்தோம்.

அப்புறம் பாலியைக் கடந்து, பாடாங் பாய் துறைமுகத்திலிருந்து நாலைந்து மணி நேரம் கப்பலில் ரின்ஜானி இருக்கும் லொம்பொக் தீவு. மலையடிவாரத்துச் செம்பலுனில் ஏறத் தொடங்கும் வாசலில் பூட்டு. மழைக்காலத்தில், ஏறக்குறைய ஜனவரியிலிருந்து மார்ச் முடியும்வரை, வருடா வருடம் மூடித்தான் இருக்குமாம். 3,726 மீற்றர் மலையைக் கீழே நின்று பார்த்தோம், அதுவும் பாதி முகிலுக்குள்.

பெர்மிட்டைக் காட்டினேன். காவலாளி என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். திகதி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, சுற்றியிருந்த காகிதத்தைவிடக் கொஞ்சம் வெளிறலாக. எழுத்தும் வேறு. உண்மையான அனுமதி ஒவ்வொருவரின் பெயரிலும் கடவுச்சீட்டு இலக்கத்திலும் ஒன்லைனில் பதிவாகும். எங்களுடையதில் இலக்கமே இல்லை. ஊரிலேயே கவனித்திருக்கலாம், யார் பார்த்தது!

வட்ஸ்அப்பில் எடுத்தால், "திடீரெண்டு மூடிட்டாங்கள் தம்பி, மழைக்கு நான் என்ன செய்யிறது?" என்கிறார். ஊர் திரும்பியதும் நேரே போனோம். பிளேன்ரீ தந்தார், காசு தரவில்லை. வேண்டுமென்றால் நிலாவெளியில் இரண்டு நாள் ரூம் போட்டுத் தருவாராம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து நிலாவெளிக்கு பஸ் போகிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம் என்று நேற்று பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தேன். "பயணச் சேவை" என்று மட்டும் எழுதியிருக்கிறார். ரின்ஜானி என்ற சொல் அதில் எங்குமே இல்லை.