கறுப்புத் தூளா, வெள்ளைத் தூளா? ஒரு ரீட்ரேடிங் பட்டறையின் கணக்கு

நாமக்கல்லில் லாரி டயர்களுக்கு ரீட்ரேடிங் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். மொட்டையாகி வரும் டயரைச் சுரண்டி, சாலையைத் தொடும் மேல்பகுதியான டிரெட்டுக்குப் புதிய ரப்பரை ஒட்டி, சேம்பரில் வேகவைத்து மறுபடி சாலைக்கு அனுப்புவதுதான் தொழில். சென்ற ஆண்டு டிரெட் ரப்பர் கொண்டுவரும் விற்பனையாளர் ஒரு கேள்வியோடு வந்தார். ரப்பருக்கு வலுவூட்டும் கறுப்புக் கரித்தூளான கார்பன் பிளாக் கலந்த வழக்கமான ரகத்திலேயே இருக்கப் போகிறேனா, சிலிக்கா என்ற வெள்ளைத் தூள் கலந்த ரகத்துக்கு மாறப் போகிறேனா? டீசல் மிச்சமாகும், மழையில் பிடிப்பு கூடும் என்றார். இரண்டையும் எட்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கார்பன் பிளாக்கிலேயே நின்றுவிட்டேன். அவர் சொன்ன இரண்டும் பொய்யல்ல. ஆனாலும் என்னை நிறுத்தியது வேறொன்று.

இந்த இரண்டு தூளும் நானோப் பொருள்கள்; மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நானோ என்றால் ஆய்வுக்கூடத்துக் குப்பிக்குள் இருப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு லாரி டயரின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு நானோப் பொருள்தான். கார்பன் பிளாக்கில் என்220 ரகத்தின் துகள் 20 முதல் 25 நானோமீட்டர், என்330 ரகத்தில் 26 முதல் 30. தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும் என்றால் இது எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. திராட்சைக் கொத்துபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அந்தக் கொத்தின் இடுக்குகளில் ரப்பரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டயரின் வலுவே அந்தப் பிடிதான். 1904 வாக்கில் இங்கிலாந்தின் சில்வர்டவுனில் இருந்த ரப்பர் ஆலையில்தான் இந்த வலுவூட்டல் முதலில் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன, சீக்கிரம் தேய்ந்தன. இன்று உலகில் தயாராகும் கார்பன் பிளாக்கில் பெரும்பங்கு டயருக்கே போகிறது. நம் கும்மிடிப்பூண்டியிலும் அதற்கு ஆலை இருக்கிறது.

எதிர்த்தரப்பு வீழ்படிவு சிலிக்கா. மணலையும் சோடாச் சாம்பலையும் உருக்கி, கரைத்து, கந்தக அமிலம் விட்டுப் பிரித்தெடுக்கும் வெள்ளைத் தூள். இதன் துகளும் 10 முதல் 30 நானோமீட்டர்தான். ஆனால் ரப்பரோடு தானாக ஒட்டாது. நடுவில் சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள் வேண்டும். கலக்கும்போதே சரியான வெப்பத்தில் அந்த வினை நடந்து முடிய வேண்டும். 1992இல் மிஷ்லின் நிறுவனம் இதைக் கார் டயரில் கொண்டுவந்தபோது, உருளும் எதிர்ப்பு, அதாவது டயர் உருளும்போது வீணாகும் ஆற்றல், சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஈரச் சாலையில் பிடிப்பும் கெடவில்லை. அதுவரை ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்றிருந்த தொழிலில் அது உண்மையிலேயே பெரிய சாதனை. இன்றும் கார் டயருக்கு எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சிலிக்கா என்பேன்.

மற்ற சில்லறை வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிக்கா ரகம் விலை கூடுதல். உடல்நலத்தைப் பார்த்தால் சிலிக்கா பக்கம் ஒரு புள்ளி: கார்பன் பிளாக்கைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது, இந்தப் படிகமற்ற சிலிக்காவை வைக்கவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை தூளாக மூச்சில் போவதைப் பற்றியது. ரப்பருக்குள் வெந்து கட்டுண்ட பிறகு நிலைமை வேறு. எதுவானாலும் பஃபிங், அதாவது பழைய டிரெட்டைச் சுரண்டும் வேலை, செய்யும் தம்பிகள் முகக்கவசம் இல்லாமல் இயந்திரத்தின் அருகில் நிற்கக் கூடாது என்பது எங்கள் பட்டறையில் மாறாத விதி. மின்கடத்தல் இன்னொன்று. கார்பன் பிளாக் மின்சாரத்தைக் கடத்தும், சிலிக்கா கடத்தாது. அதனால் சிலிக்கா டயர்களில் நிலைமின்சாரம் தரையில் இறங்குவதற்கென்றே கார்பன் பிளாக் ரப்பரில் ஒரு மெல்லிய கோடு வைத்துச் செய்கிறார்கள். எல்பிஜி டேங்கர்கள் அதிகம் உள்ள ஊரில் தொழில் செய்பவனுக்கு இது சும்மா கடந்துபோகும் விஷயம் இல்லை.

இனி டீசல். சிலிக்காவுக்கு ஆதரவாக இருக்கும் மிக வலுவான வாதம் இதுதான் என்பதால் நேர்மையாகவே பேச வேண்டும். பாரம் ஏற்றிய லாரி எரிக்கும் டீசலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டயர் உருள்வதற்கே போகிறது. எல்லா டயரிலும் உருளும் எதிர்ப்பு 10 சதவீதம் குறைந்தால் டீசலில் சுமார் 3 சதவீதம் மிச்சம். ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 25,000 லிட்டர். அதில் 3 சதவீதம் 750 லிட்டர். எந்த லாரி உரிமையாளரும் அலட்சியம் செய்யக்கூடிய தொகை இல்லை. ஆனால் காரில் கிடைத்த ஆதாயம் லாரியில் அப்படியே கிடைப்பதில்லை. கார் டயரின் டிரெட் பெரும்பாலும் செயற்கை ரப்பர். லாரி டிரெட் பெரும்பாலும் இயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் தானே குறைவாகச் சூடாகும் குணம் கொண்டது, சிலிக்கா குறைப்பதற்கு அங்கே மிச்சம் இருப்பது கொஞ்சம். அதோடு ரப்பர் பாலில் இயல்பாக உள்ள புரதங்கள் சிலேன் வினையில் குறுக்கிடுகின்றன. பிணைப்பு பலவீனமானால் தேய்மானம் கூடும். ரீட்ரேட் டயர் பின் சக்கரங்களுக்கு மட்டுமே போவதால் மிச்சம் இன்னும் சுருங்குகிறது. நான் சோதித்துப் பார்த்தது நான்கே வண்டிகளில். ஓட்டுநரின் கால், ஏற்றிய பாரம், போன வழி என்று இத்தனை மாறும்போது டீசல் வித்தியாசத்தை டயரின் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை. நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓடும் பெரிய டிரெய்லர்களுக்கு வேறு விடை வரலாம். அந்த வண்டிகள் என்னிடம் வருவது குறைவு.

முடிவைத் தீர்மானித்தது டயரின் கடைசிக் காலம். இதைப் பற்றி விற்பனையாளர்கள் யாரும் வாய் திறப்பதில்லை, அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பட்டறையிலிருந்து இரண்டு பொருள்கள் பழையதாக வெளியே போகின்றன. ஒன்று, பஃபிங் தூள். மூட்டை மூட்டையாகச் சேரும்; மிதியடி, ரப்பர் விரிப்பு செய்பவர்களும், பழைய ரப்பரை மறுபடி பயன்படுத்தும்படி மாற்றும் ரீக்ளெய்ம் ஆலைக்காரர்களும் வாங்குகிறார்கள். இன்னொன்று, இனி டிரெட் ஒட்ட முடியாத கேஸிங், அதாவது டயரின் உடல். சிலிக்கா சிக்கல் தருவது முதலில் தூளில். அந்தத் தூள் முழுக்க டிரெட் ரப்பர்தான், டயரின் உடல் அதில் இல்லை. சிலிக்காவின் மேற்பரப்பு அமிலத் தன்மை கொண்டது. ரப்பர் வேகமாக வேகச் சேர்க்கும் முடுக்கி வேதிப்பொருள்களைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். புது டயர் ஆலையில் இதற்கு ஏற்பக் கலவையை மாற்றிக்கொள்வார்கள். விரிப்பு செய்யும் சிறு பட்டறைக்காரருக்கு எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஒரு மூட்டை பத்து நிமிடத்தில் வேகும், அடுத்தது வேகாமல் பிசுபிசுக்கும். பத்தாண்டுகளாக என்னிடம் தூள் வாங்குபவர் அப்படி ஒரு விரிப்பைக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாமல், என் மேசைமேல் விரித்துவிட்டுப் போனார். சோதனைக்காக ஒட்டிய சிலிக்கா டிரெட்டைச் சுரண்டிய தூள் அந்த மூட்டைகளில் கலந்திருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்தது கேஸிங். பழைய டயரைக் காற்றில்லாமல் சூடாக்கிப் பிரிக்கும் பைராலிசிஸ் ஆலைக்கு அது போகும்போது, எடையில் சுமார் 40 சதவீதம் எண்ணெயாகவும் மூன்றில் ஒரு பங்கு கரியாகவும் வருகிறது. மீதி கம்பியும் வாயுவும். அந்தக் கரியை அப்படியே அடுப்பெரிக்க விற்றால் சொற்ப விலை. அரைத்து, சலித்து, உருண்டையாக்கினால் மீட்கப்பட்ட கார்பன் பிளாக். மறுபடி ரப்பருக்குள் போகலாம். புதிதாக ஒரு கிலோ கார்பன் பிளாக் செய்ய 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது என்பதை நினைத்தால், மீட்கும் ஒவ்வொரு கிலோவும் எனக்குப் பெரிதாகவே படுகிறது. 2022 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த விதிகள் பழைய டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்தின. முதல் ஆண்டு 35 சதவீதம், பிறகு 70, பிறகு முழுமையாக என்று படி வைத்தன. அதன் பிறகுதான் இந்தக் கரிக்கு எங்கள் பக்கத்தில் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.

அப்படி ஓர் ஆலையைப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே லாரி டயரும் கார் டயரும் தனித்தனி அடுக்குகளாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். “கார் டயர் போட்டால் சாம்பல் ஏறிவிடும் அண்ணா. சாம்பல் ஏறினால் கரியை வாங்க ஆள் வரமாட்டான்” என்றார் உரிமையாளர். விஷயம் இதுதான். புது கார்பன் பிளாக்கில் சாம்பல் 1 சதவீதத்துக்கும் குறைவு. பைராலிசிஸ் கரியில் அது 10 முதல் 20 சதவீதம் வரை போகிறது. சிலிக்கா எரியாமல் சாம்பலாகவே நின்றுவிடும் என்பதால், அது அதிகமுள்ள டயர் போட்டால் அதற்கும் மேல். சாம்பலில் உள்ள துத்தநாகத்தை அமிலத்தால் கழுவி எடுக்கலாம். சிலிக்கா அமிலத்துக்கு மசியாது. காரத்தில் கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும், அந்தச் செலவைக் கரியின் விலை தாங்காது. சிலிக்காவே போதும் என்றால் கரியை எரித்துவிட வேண்டும். இரண்டு நானோப் பொருளும் ஒரே டயருக்குள் இருக்கும்போது ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றைப் பலிகொடுக்க வேண்டியிருக்கிறது. கார்பன் பிளாக் மட்டும் இருந்தால் அந்தப் பிரச்சினையே எழாது.

டிரெட் தேய்ந்து தீர்ந்த பிறகுதானே கேஸிங் போகிறது, அதில் சிலிக்கா எங்கே மிச்சம் என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் பக்கவாட்டு வெடித்தும், கம்பி அறுந்தும், பாதி டிரெட்டோடு கழிபவை எங்கள் சாலைகளில் நிறைய. தேய்ந்தவற்றின் அடியிலும் ரப்பர் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

மீட்ட கார்பன் பிளாக்கையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. டயருக்குள் இருந்த பல ரகங்களும் கலந்து, மேலே ஒரு கரிப்படிவும் பூசிக்கொண்டு வருவது அது. டிரெட்டுக்கு உதவாது, அங்கே என்220 போன்ற நுண்ணிய புது ரகம்தான் வேண்டும். மிதியடி, குழாய், மண்தடுப்பு ரப்பர் என்று என்660 போன்ற பருமனான ரகங்கள் போகும் இடங்களில் ஓரளவு சேர்க்கலாம். உண்மையான சிக்கனம் கேஸிங்கை உடைக்காமலேயே மறுபடி ஓட்டுவதுதான். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள டயரில் நான் ஒட்டுவது பத்துப் பன்னிரண்டு கிலோ. மற்றதெல்லாம் அதே கம்பி, அதே ரப்பர், அதே கார்பன் பிளாக், இருந்த இடத்திலேயே.

சிலிக்காவுக்கு என் கதவு அடைபட்டுவிடவில்லை. நெல் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால், அதிலிருந்து டயருக்கான சிலிக்கா எடுக்கும் முறை வந்துவிட்டது. குட்இயர் அதைப் பயன்படுத்துகிறது. காவிரிப் படுகையின் அரிசி ஆலைகளில் குவியும் சாம்பலைப் பார்க்கும்போதெல்லாம் ஆசை எழுகிறது. ஆனால் அது தொடக்கத்தைச் சரிசெய்கிறது, கடைசியை அல்ல. கரியிலிருந்து அதைப் பிரித்தெடுக்க மலிவான வழி வரட்டும், மறுபடி கணக்குப் போடுகிறேன்.

சோதனைக்கு ஒட்டிய சிலிக்கா டயர்கள் இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றிலும் கொஞ்சம் கார்பன் பிளாக் இருப்பதால் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. அதனால் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் மஞ்சள் பெயின்ட்டால் ‘சி’ என்று எழுதியிருக்கிறேன். திரும்பி வரும்போது அவற்றின் பஃபிங் தூளுக்குத் தனிச் சாக்கு. கழிந்தால் கேஸிங் கார் டயர் அடுக்கோடு சேரும். தூள் வாங்குபவரிடம் அந்தச் சாக்கைக் காட்டிச் சொல்லியும் விட்டேன்.