கடலோரக் குறுநாடகங்கள்: நம் ஊருக்கும் தேவைதான்

கிருஷ்ணகிரியில் போட்ட பருவநிலை மாற்றக் குறுநாடகங்களைப் பார்த்தேன். கடலே இல்லாத மாவட்டத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் இழுத்துப் போனதை நினைத்துப் பார்க்கட்டும். 2018 கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்த வேதாரண்யத்துக் குடும்பத்தின் கதைதான் அருமை. விழுந்த மரத்தின் குருத்தைத் தடவிக்கொண்டே அந்த அம்மா, "திருப்பூருக்குப் போயிடு தம்பி" என்று மகனிடம் சொல்கிறார், வேலை தேடிப் பிள்ளைகளை அனுப்பிய எந்தத் தர்மபுரி வீட்டுக்கும் அது புரியும். கல் கொட்டிக் கரையைக் காத்ததில் பக்கத்துக் குப்பத்துக்குக் கடலரிப்பு போய்ச் சேர்ந்த நாடகமும் நன்று. கடைசி நாடகம் வெறும் பிரசங்கம், அப்புறம் மைக் சரியில்லை. முன்வரிசையில் உட்காருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.