நேரே ஓடுவதா, பக்கவாட்டில் பாய்வதா?

துரத்தப்படும் விலங்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டால், ‘ஆபத்துக்கு நேர் எதிர்த் திசையில்’ என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். துரத்துவது தன்னைவிட மெதுவானது என்றால் அது சரிதான். ஆனால் அப்படி அமைவது எப்போதும் நடக்காது.

வேட்டை விலங்கு வேகமானது, ஆனால் பாய்ந்தபின் வழியில் திரும்ப முடியாதது என்று வைத்துக்கொள்வோம். நேரே ஓடும் இரை அதன் பாதையிலேயே ஓடி மாட்டிக்கொள்கிறது. 90 டிகிரி பக்கவாட்டில் பாய்ந்தால் பாதையிலிருந்து விலகலாம், ஆனால் எதிரியிடமிருந்து தூரம் அதிகரிக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல கோணம் உண்டு. டேனியல் வைஸ், பால் வெப் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1984-ல் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். துரத்துவது இரண்டு மடங்கு வேகத்தில் வந்தால், நேர் எதிர்த் திசையிலிருந்து 60 டிகிரி விலகி ஓடுவதே நல்லது. வேக வித்தியாசம் குறையக் குறைய அந்தக் கோணமும் சுருங்கும். சற்றே விலகி ஓடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: முதுகுக்கு நேர் பின்னால் வருவது பல விலங்குகளின் கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் சாய்வாக ஓடினால் தெரியும்.

வேட்டை விலங்கும் திரும்பக்கூடியது என்றால் கதை மாறுகிறது. அப்போது எந்தத் திசை என்பதைவிட எப்போது திரும்புவது என்பதே முக்கியம். பக்கவாட்டு விசை அதேதான் என்றால், வேகம் இரண்டு மடங்கானதும் திரும்பத் தேவையான வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகிவிடும். மெதுவாக ஓடுபவர்தான் சுருக்கென்று திரும்ப முடியும். போட்ஸ்வானாவில் சிவிங்கிப்புலி, இம்பாலா மான், சிங்கம், வரிக்குதிரை ஆகியவற்றுக்கு அளவுக் கருவி பொருத்திய கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தார்கள். 2018-ல் வெளியான அந்த முடிவுகளின்படி, வேட்டை விலங்குகளின் தசைக்கு இரைகளின் தசையைவிட சுமார் 20 சதவீதம் சக்தி அதிகம். ஆகவே முழு வேகத்தில் நேரே ஓடும் மானுக்கு வாய்ப்பு குறைவு. வேகத்தைக் குறைத்து, கடைசி நொடியில் வெட்டித் திரும்பும் மானுக்கு அதிகம். இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பயந்து ஓடும்போதும் வேகத்தைக் கையிருப்பாக வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை.

வளை அருகிலிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. சுண்டெலி மறைவிடம் இருக்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, இருட்டிலும் நேராக அங்கே ஓடுகிறது. வளை அந்தப் பக்கம்தான் என்றால் எதிரி இருக்கும் திசையிலேயே ஓடும் விலங்குகளும் உண்டு. இருக்கும் வழிகளிலேயே இதுதான் சிறந்தது என்பேன், வளை எட்டும் தூரத்தில் இருக்கும்வரை.

இல்லையென்றால்? எதிரியால் ஊகிக்க முடியாதபடி ஓடுவதுதான் மிச்சம். கரப்பான் பூச்சியின் வால்பக்க உறுப்புகளில் காற்றசைவை உணரும் நுண்மயிர்கள் இருக்கின்றன. ஆபத்து வரும் திசையிலிருந்து அது ஏறத்தாழ 90, 120, 150, 180 டிகிரி என்ற சில கோணங்களில் ஓடுவதை 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த முறை அவற்றில் எது என்பது முன்கூட்டித் தெரியாது. சில அந்துப்பூச்சிகள் இன்னும் நுட்பமானவை. வௌவாலின் ஒலி தூரத்தில் மெலிதாகக் கேட்டால் எதிர்ப்பக்கம் பறந்துவிடும். மிக அருகில் கேட்டால் சுழன்று, தாறுமாறாகக் கீழே விழும்.

ஒரே மாதிரி தப்பிப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதை மீன்களிடம் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் அதிர்வு வந்தால் அந்தப் பக்கத்து மவுத்னர் நரம்பணு (தப்பிப் பாய வைக்கும் பெரிய மூளை நரம்பணு) தூண்டப்படும், மறுபக்கத் தசை சுருங்கும், உடல் வளைந்து மீன் விலகிப் பாயும். மின்னல் வேகம்தான். ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் மூக்கு நுனியில் இரண்டு உணர்விழைகள் கொண்ட ஒரு நீர்ப்பாம்பு இதையே பொறியாக்கிக்கொண்டது. தலையை வளைத்து வைத்து, உடலின் நடுப்பகுதியை மட்டும் லேசாக அசைக்கும். அந்த அசைவால் பயந்து திரும்பும் மீன் நேராக அதன் வாய்ப்பக்கம் பாய்கிறது. உயிரியல் ஆய்வாளர் கென்னத் கட்டானியா 2009-ல் இதைப் படம்பிடித்துக் காட்டினார். மீன் இருக்கும் இடத்தை அல்ல, அதன் தலை வந்து சேரப்போகும் இடத்தைக் குறிவைத்தே பாம்பு பாய்கிறது. ஒரு மீனைக்கூடப் பிடித்திராத குட்டிப் பாம்புகளும் அப்படித்தான் பாய்கின்றன.