ஸ்டிக்கரா, லேசரா? மூளை நேவிகேஷனில் எதை நம்புவது

மூளைக்கட்டி எங்கே என்று எம்ஆர்ஐ படத்தில் பளிச்செனத் தெரியும். ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பவரின் தலையில் அது எந்த இடம் என்பதை, அறுவையின்போது திரையில் வழிகாட்டும் நேவிகேஷன் கருவிக்குக் கற்றுத்தருவதுதான் ரெஜிஸ்ட்ரேஷன். அதில் கோட்டை விட்டால், கருவி தப்பான இடத்தைக் கொஞ்சமும் தயங்காமல் காட்டும்.

ஸ்டிக்கர் முறையில், மெதுவடை போல நடுவில் ஓட்டையுள்ள மார்க்கர்களைத் தலையில் ஒட்டி ஸ்கேன் எடுப்பார்கள். தியேட்டரில் ஒவ்வொரு ஓட்டையிலும் கருவியின் முனையை வைத்தால் படமும் தலையும் பொருந்திவிடும். கணக்குப்படி ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் போதும்; ஒட்டுவதென்னவோ அதைவிடக் கூடுதலாகத்தான். தொல்லை என்னவென்றால், இதற்கென்றே தனியாக ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், தோலும் நகரும். ஸ்கேனில் மல்லாந்து படுப்பதால் பின்தலை ஸ்டிக்கர் அழுந்தி இடம் மாறும். தலையை இறுக்கும் கிளாம்ப்பும் தன் பங்குக்குத் தோலை இழுக்கும்.

லேசரில் இந்த ஒட்டுவேலை இல்லை. நெற்றி, புருவம், மூக்கு என்று லேசர் ஒளியால் நூற்றுக்கணக்கான புள்ளிகளை எடுத்து, ஸ்கேனில் உள்ள முகத்தின் மேல் படியவைக்கிறார்கள். 1992-இல் பெஸ்ல், மெக்கே என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட, வடிவங்களை ஒன்றோடொன்று பொருத்தும் கணக்குமுறையின் வழித்தோன்றல்கள்தாம் இதற்கு அடிப்படை. ஏற்கெனவே எடுத்த ஸ்கேனே பெரும்பாலும் போதும். ஆனால் மூக்கும் புருவமும் பிடிமானம் தருவதுபோல், பந்துமாதிரி வழவழப்பான பின்தலை தராது. முகத்தில் ஒரு சின்னத் திருகல் பிழை இருந்தாலும் பின்பக்கத்துச் சிறுமூளைக்குப் போவதற்குள் பெரிதாகிவிடும். குப்புறப் படுத்தவரின் முகம் கைக்கு எட்டுவதே பெரும்பாடு.

எனவே மல்லாந்த நோயாளி, முன்மூளைக் கட்டி என்றால் என் ஓட்டு லேசருக்கு. பின்பக்கக் கட்டி என்றால், தலையைச் சுற்றிலும் பரவலாக ஒட்டிய ஸ்டிக்கர்.

எலும்பில் திருகும் மார்க்கர்தான் துல்லியத்தில் முதலிடம், ஆனால் சாதாரணக் கட்டிக்காக மண்டையோட்டில் துளைபோட யார் சம்மதிப்பார்? தியேட்டரிலேயே சிடி எடுப்பது சொகுசு. விலையும் கதிர்வீச்சும் அதற்குரிய வரி.

சரி, ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்ததும் திரையில் பிழை '1.2 மிமீ' என்று வந்தால் நிம்மதியா? அந்த எண் சொல்வது புள்ளிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான், கட்டி இருக்குமிடத்துப் பிழையை அல்ல. ஸ்டிக்கர்கள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் எண் அழகாகவே வரும், இடம் மட்டும் தவறியிருக்கும். அந்த எண்ணுக்கும் கட்டி இருக்குமிடத்துப் பிழைக்கும் தொடர்பில்லை என்பதை ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். அதனால்தான் மூக்குநுனி, காதுமடல் என்று தெரிந்த இடங்களைத் தொட்டுத் திரையில் சரிபார்க்கிறார்கள்.

அதுவும் மண்டையோட்டைத் திறக்கும்வரைதான். அப்புறம் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடிந்து மூளை தாழும், சிலசமயம் ஒரு சென்டிமீட்டர்கூட. அப்போது ஸ்டிக்கரும் உதவாது, லேசரும் உதவாது; அல்ட்ராசவுண்டோ புது ஸ்கேனோதான் வேண்டும்.