கோவையில் ஒரு நாள் கடலடிச் சரிவுப் பயிற்சி: என் மதிப்பீடு

பவானிசாகர் மண் அணையைப் பார்த்து வளர்ந்து கட்டுமானப் பொறியாளரான எனக்கு, கடலடி மண்சரிவுகளை அலைகள் எப்படி நிலைகுலையச் செய்கின்றன என்பது பற்றிக் கோவையில் நடந்த இந்தப் பயிற்சி, நீருக்கடியில் உள்ள சரிவுகளைப் புதிய கண்ணோடு பார்க்கக் கற்றுத் தந்தது. கண்ணாடித் தொட்டியில் மென்சேற்றைச் சரிவாகப் பரப்பி, அதன்மேல் அலை எழுப்பிக் காட்டியதே பயிற்சியின் உயிர்நாடி. அலையின் முகடு கடந்த இடத்தில் சேறு அழுந்தியது. பள்ளம் வந்த இடத்தில் மெல்ல உப்பியது. சற்று நேரத்தில், சேற்றில் செருகியிருந்த வண்ண நூல்கள் சரிவின் கீழ்ப்புறமாகச் சாய்ந்துவிட்டன. அழுத்தத்தின் இந்த ஏற்றத்தாழ்வே சரிவைத் தள்ளுகிறது என்பதையும், தளர்ந்த மணலில் துளைநீர் அழுத்தம் (மண் துகள்களின் இடைவெளியில் உள்ள நீரின் அழுத்தம்) அலைக்கு அலை சேர்ந்து மண்ணின் வலிமையைக் குறைக்கிறது என்பதையும், அலைநீளத்தில் பாதியைத் தாண்டிய ஆழத்தில் இத்தாக்கம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்பதையும் ஆசிரியர் பொறுமையாக விளக்கினார்.

1969ஆம் ஆண்டு கமீல் சூறாவளியின்போது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக் கழிமுகத்தில் கடலடிச் சேறு சரிந்து, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையையே சாய்த்த நிகழ்வை அவர் விவரித்தபோது, நீண்ட அலைகளே ஆழத்தை எட்டுகின்றன என்பது எனக்கு நன்றாக உறைத்தது.

சரிவு நிலைத்து நிற்குமா என்று கணக்கிடும் பகுதியை மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டது பெருங்குறை. மணலுக்கும் களிமண்ணுக்கும் தனித்தனியே ஒரு கணக்காவது போட்டுக் காட்டியிருக்க வேண்டும். மண்ணியல் அடிப்படை தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். தெரியாதவர்கள் அதைப் படித்துக்கொண்டு செல்வது நல்லது.