நட்டுவாக்காலியா, பழுப்புத்தேளா: டப்பாவில் வளர்க்க எது தோது?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், எங்கள் தோட்டத்து வரப்பில் வளைக்குள் தண்ணீர் இறங்கி நட்டுவாக்காலிகள், அதாவது பெரிய கருந்தேள்கள், வெளியே வந்துவிடும். அப்படி வந்த ஒரு குஞ்சை டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. அதே மாதம் விறகுக் கட்டோடு இன்னொன்று தானாகவே வந்து சேர்ந்தது. மெலிந்த உடம்பு, வைக்கோல் பழுப்பில் கறுப்புப் புள்ளிகள், உடம்பைவிட நீளமான வால். வால் அவ்வளவு நீளம் என்றால் ஆண். எங்கள் ஊரில் இதற்குத் தனிப்பெயர் இல்லை, சின்னத் தேள் என்பார்கள். பழுப்புத்தேள் என்றே இங்கே எழுதுகிறேன். அறிவியல் பெயர் ஐசோமெட்ரஸ் மேக்குலேட்டஸ். கப்பல் சரக்கோடு பயணம் போய் உலகின் வெப்பமான துறைமுகங்களில் எல்லாம் குடியேறிய ஆசாமி.

இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வளர்த்திருக்கிறேன். எது தோது என்று கேட்டால் யோசிக்காமல் நட்டுவாக்காலி என்பேன். ஆனால் எதை உட்கார்ந்து பார்க்கப் பிடிக்கும் என்றால் பழுப்புத்தேள்தான்.

முதலில் போட்டியிலேயே சேர்க்கக் கூடாத மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செந்தேள். ஹாட்டன்டோட்டா தமுலஸ் என்று பெயர், காதில் தமிழ் மாதிரியே விழும். தமிழ்நாட்டிலும் உண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உண்டு. செம்பழுப்பு உடம்பு, மஞ்சள் கலந்த கால்கள், ஒல்லி இடுக்கி, தடித்த வால். பெரியதே விரல் நீளம்தான். 'சின்னதுதானே, என்ன செய்துவிடும்' என்று தோன்ற வைப்பதுதான் இதன் ஆபத்து. கொட்டினால் உடம்பு வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கைகால் சில்லிட்டுப் போகும். நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம், அதுவும் குழந்தைகளுக்கு. மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை இதற்குக் கொடுத்துச் சாவைப் பெருமளவு குறைத்தார். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மருந்து இருக்கிறது என்பதற்காக இதை டப்பாவில் போட்டு வைக்க முடியுமா? வீட்டில் குழந்தை இல்லை என்றாலும் கூடாது. ரகசியமாக வளர்த்துக் கொட்டு வாங்கியவர் தேள் கொட்டிய திருடன் கதையாக வாயை மூடிக்கொண்டிருப்பார். அந்தத் தாமதம்தான் ஆளைக் கொல்லும். எந்தத் தேள் கொட்டினாலும் கட்டுப் போடாமல், கீறிவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடையாளம் பார்க்க ஒரு பொது விதி உண்டு. இடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் விஷம் பெரும்பாலும் குறைவு. இடுக்கி ஒல்லியாக, வால் தடித்திருந்தால் தள்ளி நில்லுங்கள். நட்டுவாக்காலி முதல் வகை. தொந்தரவு செய்தால் முதலில் இடுக்கியை விரித்துக் காட்டும், கொடுக்குக்குப் பிறகுதான் வேலை. பழுப்புத்தேள் இந்த விதியில் குழப்பும், அதற்கும் ஒல்லி இடுக்கிதான். கொட்டினால் வலிக்கும், செந்தேள் அளவுக்குப் போகாது. ஆனால் குட்டியாக இருக்கும்போது இதையும் செந்தேள் குட்டியையும் பிரித்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். அதனால்தான் புதியவருக்குப் பழுப்புத்தேளை நான் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அப்புறம், சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் பிடிக்கக் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

இனி வீடு. நட்டுவாக்காலிக்கு வேண்டியது மண், மற்றதெல்லாம் அப்புறம். நர்சரியில் கட்டியாக விற்கும் தேங்காய் நார்த்தூளை மட்டும் போட்டுப் பார்த்தேன். பூ மாதிரி இருக்கிறது, ஈரமும் பிடிக்கிறது, ஆனால் அது தோண்டிய வளை மறுநாள் காலையில் சரிந்து கிடக்கிறது. தோட்டத்துச் செம்மண்ணை மூன்று பங்கும் நார்த்தூளை ஒரு பங்கும் கலந்து, ஒரு சாண் உயரத்துக்கு அழுத்திப் போட்டதும் சரியானது. நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு தண்ணீர் அலசிவிட்டுப் போடுங்கள். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் அடிமண் ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருக்கும், அதற்கு வேண்டியதும் அதுதான்.

என் அதிர்ஷ்டம், அது டப்பாவின் சுவரை ஒட்டியே வளை தோண்டியது. கறுப்புக் காகிதம் ஒட்டி வைத்து, ராத்திரி மட்டும் விலக்கிப் பார்ப்பேன். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் இருந்தால் போதும், தேள் பச்சையாக மின்னும். ஒரு ராத்திரி டார்ச் அடித்தபோது வளைக்குள் இரண்டு தேள் இருப்பதுபோலத் தெரிந்தது. மின்னிக்கொண்டிருந்தது கழற்றிப் போட்ட சட்டை. பக்கத்தில் வெளிறிப்போய், துளியும் மின்னாமல் கிடந்ததுதான் உயிருள்ள தேள். புதுத் தோல் இறுகினால்தான் ஒளி வரும். அந்தச் சில நாள் அது மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். டப்பாவில் மிச்சம் கிடக்கும் சில்வண்டே அதைக் கடித்துத் தின்றுவிடும், அதனால் தின்னாத இரையை அன்றே எடுத்துவிட வேண்டும்.

பழுப்புத்தேளுக்கு மண் பெயருக்கு இருந்தால் போதும். அது பட்டையில் வாழ்வது. காய்ந்த மரப்பட்டைகளை நிறுத்தி வைத்தால் இடுக்கில் தலைகீழாகத் தொங்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு பக்கம் தண்ணீர் தெளித்தால் துளியில் வாய் வைத்துக் குடிக்கும். காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே ஓட்டை தாராளமாக வேண்டும். ஆனால் ஒல்லியான உடம்பு என்பதால் ஓட்டை ஊசி மொத்தத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழுப்புத்தேள் வளர்ப்பவரின் தலைவலி முழுவதும்.

கண்ணாடித் தொட்டியா, பிளாஸ்டிக் டப்பாவா என்பதிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. நட்டுவாக்காலிக்கு எதுவும் சரி, கனமான உடம்பு, சுவரில் ஏறாது. பழுப்புத்தேளைப் பழைய மீன்தொட்டியில் விட்டு, கண்ணாடியில் ஏறாது என்று நம்பி மூடியை அரைகுறையாக வைத்தேன். கண்ணாடியில் ஏறவில்லைதான். மூலையில் கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கான் பசையைப் பிடித்து ஏறிப் போய்விட்டது! வீட்டில் எல்லாரும் செருப்பை உதறி உதறிப் போட்டுக்கொண்டு என்னை முறைத்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி ஊதா டார்ச்சோடு போனபோது குளியலறைக் கதவின் பின்னால் பச்சைக் கோடு போல ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு பூட்டு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாதான்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. வாரத்துக்கு ஒரு சில்வண்டு, தேளின் உடம்பைவிடச் சிறியதாக. வீட்டுக் கரப்பானைப் போடாதீர்கள், எங்கே என்ன மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது. மருந்து என்றதும் இன்னொன்று: பிளக்கில் செருகும் கொசு லிக்விட், கொசுவர்த்தி, எறும்பு சாக்பீஸ் மூன்றும் தேளுக்கும் விஷம். எங்கள் வீட்டில் அந்த அறைக்கு மட்டும் கொசுவலை.

காட்டிலிருந்து பிடித்த பெண் தேள் என்றால் வயிற்றில் குட்டி இருக்க வாய்ப்பு அதிகம். தேள் முட்டை இடாது, குட்டி போட்டு முதுகில் சுமக்கும். ஒரு காலை திறந்தால் அரிசி அரிசியாக முதுகு நிறைய இருக்கும். நட்டுவாக்காலி என்றால் அந்த அரிசி கொஞ்சம் பெரியது, ஓட்டையில் நுழையாது. பழுப்புத்தேள் குட்டி என்றால் எதிலும் நுழையும். எனக்கு வந்தது ஆணாக இருந்ததில் வீட்டாருக்கு நிம்மதி.

அந்த ஆணை மாசியில் வந்த இடத்துக்கே, விறகுக் குவியலுக்கே கொண்டுபோய் விட்டேன். டப்பாவைச் சாய்த்ததும் பட்டையின் அடியில் ஒரு நொடியில் மறைந்துவிட்டது. நட்டுவாக்காலி இன்னும் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. போன வாரம் வளை வாயை மண்ணால் அடைத்துக்கொண்டது, இன்னொரு சட்டை கழற்றப் போகிறது போல.